கழுவாமல் வைத்த பாசி

மழை நின்ற மறுநாள் எங்களுக்கு வேலை கூடும். கொண்டோ எனும் தனியார் குடியிருப்புகளின் நடைபாதை, கார் நிறுத்துமிடத்துச் சரிவு, நீச்சல் குளத்தைச் சுற்றிய தளம், அடுக்குமாடி வீடுகளுக்குக் கீழே ஓடும் கால்வாயின் ஓரம் என்று எங்கெல்லாம் சிமெண்ட் நிழலில் கிடக்கிறதோ அங்கெல்லாம் பச்சை ஏறும். தண்ணீரைப் பீய்ச்சி அதைப் பெயர்த்தெடுப்பது எங்கள் கம்பெனியின் தொழில். முதுகுக்குப் பின்னால் மெஷின் உறுமும். கையில் ஜெட் கன் உதறும். கருத்துப்போன தரை கன் போகும் வழியெல்லாம் வெளுத்துக்கொண்டே வரும். சலிப்பான வேலைதான். ஆனாலும் அந்த வெளுப்பைப் பார்க்க எனக்குப் பிடிக்கும்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆள் நான். பிளஸ் டூவில் தாவரவியல் படித்தேன், பிறகு மெக்கானிக்கல் டிப்ளமா முடித்தேன். படிப்புக்கேற்ற வேலை என்று ஏஜெண்ட் சொல்லித்தான் விமானம் ஏறினேன். சிங்கப்பூரில், ஜூரோங்கில் இறங்கிய மூன்றாம் நாள் கையில் கொடுத்தது இந்தக் கன்னைத்தான். விடுதி அறையில் என் பெயர் வாத்தியார். யாருடைய போனுக்காவது ஆங்கிலத்தில் ஏதாவது வந்தால், "வாத்தியாரே, இவன் என்ன திட்டுறான்னு பாரு" என்று நீட்டுவார்கள்.

எனக்குக் கீழ்க் கட்டிலில் படுப்பவர் ஓர் அண்ணன். நாற்பது வயதைத் தாண்டியவர், எல்லாரையும் கிண்டல் செய்தே பொழுதைக் கழிப்பவர். நான் ஏதாவது படித்துக்கொண்டிருந்தால், "படி, படி. ஒருநாள் நீ மேனேஜர் ஆவே. அப்பவும் நான்தான் உனக்கு ஹோஸ் புடிக்கணும்" என்பார். என்னைவிட வேகமாகவும் சுத்தமாகவும் வேலை செய்வார். பாசியில் நடப்பதற்கு ஒரு விதம் உண்டு. குதிகாலை முதலில் ஊன்றக் கூடாது, பாதத்தை முழுசாக இறக்கி வைக்க வேண்டும். அவர் சாதாரணமாக எம்ஆர்டி ரயில் நிலையத்தில் நடக்கும்போதும் அப்படித்தான் நடப்பார்.

அவர்தான் விழுந்தார். வாடிக்கையாளர் இடத்தில் இல்லை, மெஷினும் லாரியும் நிறுத்தும் எங்கள் சொந்த யார்டில்.

யார்டின் பின்பக்கம் ஸ்டோரிலிருந்து லாரி நிற்கும் இடத்துக்கு ஒரு சரிவுப் பாதை, எங்கள் பேச்சில் ரேம்ப், இறங்குகிறது. அங்கே வெயில் படாது. ஆபீஸ் ஏர்கானின் தண்ணீர் நாள் முழுக்க அதன் மேல் சொட்டிக்கொண்டிருக்கும். நடுவில் வழவழவென்று பச்சைப் படலம், இரண்டு ஓரத்திலும் மெத்தை போல எழும்பிய பாசி. ஊரையெல்லாம் கழுவுகிற நாங்கள் அதைக் கழுவியதே இல்லை. யார்டைக் கழுவச் சொல்லி யாரும் எங்களுக்கு ஆர்டர் கொடுப்பதில்லை. தினமும் ஓரமாகக் கால் வைத்து, ஏசிக்கொண்டே இறங்குவோம். அன்று காலை அண்ணன் குளோரின் டின்னைத் தோளில் வைத்து இறங்கினார். சத்தம் கேட்டு நாங்கள் ஓடியபோது டின் லாரிச் சக்கரத்தருகே உருண்டு கிடந்தது. அவருடைய வலது கால் திரும்பக் கூடாத பக்கம் திரும்பியிருந்தது.

ஆம்புலன்ஸ் போன பிறகு சூப்பர்வைசர் எங்களைக் கூப்பிட்டார். அவர் இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழர். எங்கள் மேல் பாசம் உள்ளவர்தான், தீபாவளிக்குத் தன் வீட்டு முறுக்கைக் கொண்டுவந்து கொடுப்பவர். அன்று அவர் முகம் வேறு மாதிரி இருந்தது.

"ஃபோன் பாத்துக்கிட்டே ஓடியிருக்கான் லா. மேலிடத்துல அப்படித்தான் சொல்றாங்க."

"அவர் ஃபோன் லாரியில சார்ஜ்ல இருந்துச்சு சார்."

"நீ பாத்தியா?"

"ஃபோனைப் பாத்தேன். விழுந்ததைப் பாக்கல."

"அப்ப விடு. நீ ஒண்ணு செய். நாளைக்குக் காலையில முதல் வேலையா அந்த ரேம்ப்புக்கு ஜெட் அடிச்சிடு. இன்னொருத்தன் விழுந்து தொலையப் போறான்."

அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்க முடியவில்லை. வழுக்குகிற இடத்தைக் கழுவத்தான் வேண்டும். ஆனால் கழுவிவிட்டால் வெள்ளைத் தரை மட்டும் மிஞ்சும். வெள்ளைத் தரையில் ஒருவன் விழுந்தால் அது அவன் ஓடியதால்தான் என்று ஆகிவிடும். வேலையில் பட்ட காயம் என்று ஏற்றுக்கொண்டால் ஆஸ்பத்திரிச் செலவு, படுத்திருக்கும் நாட்களுக்குச் சம்பளம், கால் முழுசாகச் சரியாகாவிட்டால் அதற்கு நஷ்டஈடு எல்லாம் உண்டு. அவன் தப்பு என்று முடிவானால் கட்டுப் போட்ட காலோடு ஊருக்கு டிக்கெட் என்றுதான் விடுதியில் எல்லாரும் சொல்வார்கள். அண்ணனுக்கு இந்தக் கால்தான் தொழில்.

மனிதவள அமைச்சகத்துக்குப் புகார் கொடுக்கலாம் என்று எங்களுக்குத் தெரியும், விடுதிச் சுவரிலேயே ஒட்டியிருக்கிறது. அன்று மாலை என் ஃபோனில் நானே எழுதி அனுப்பினேன், ரேம்ப்பின் படங்களோடு. விசாரிக்க ஆள் வருவார்கள் என்று பதில் வந்தது. எப்போது என்று அதில் இல்லை.

மறுநாள் காலை ரேம்ப்பின் மேலும் கீழும் ஆரஞ்சு கோன்களை வைத்து, நடுவே சிவப்புக் கயிறு கட்டினேன். சூப்பர்வைசர் வந்து பார்த்தார்.

"என்ன இது?"

"யாரும் விழ மாட்டாங்க சார், வழியை அடைச்சிட்டேன். ஆபீசர் வந்து பாக்குற வரைக்கும் இதைக் கழுவ மாட்டேன்."

"நான் சொன்னா செய்ய மாட்டியா?"

"வேற எதைச் சொன்னாலும் செய்யறேன் சார்."

அவர் கயிற்றை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டு ஆபீசுக்குள் போனார். வேறு ஆளை அனுப்பிக் கழுவியிருக்கலாம். ஏனோ அனுப்பவில்லை.

வழியை அடைத்ததால் எல்லாரும் டின்களையும் ஹோஸையும் முன்வாசல் வழியாகச் சுற்றித் தூக்க வேண்டியதாயிற்று. இரண்டு நாள் பொறுத்தார்கள். மூன்றாம் நாள் ஆரம்பித்தார்கள்.

"ஊருல எல்லாரும் மாடு வளப்பான், ஆடு வளப்பான். நம்ம வாத்தியாரு பாசி வளக்குறாரு."

"டேய், தண்ணி ஊத்துனீங்களா அதுக்கு? வாடிடப் போவுது."

"ஆபீசர் வர்றதுக்குள்ள அதுல பூ பூத்துரும். பறிச்சு வாத்தியாருக்கு மாலை போடுவோம்."

நானும் சிரித்தேன். சிரித்தபடியே அவர்களோடு சுற்றுவழியில் டின் தூக்கினேன். மற்றவர்களைவிட ஒரு நடை கூடவே நடந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை லிட்டில் இந்தியாவில் இருக்கும் தேக்காவுக்குப் போய், அங்கிருந்து ஆஸ்பத்திரிக்குப் போவதாக ஏற்பாடு. அண்ணன் கடல்பாசி இனிப்பு கேட்டிருந்தார். தேக்கா சந்தையில் இளஞ்சிவப்பும் பச்சையுமாகச் சாய்சதுரமாய் வெட்டி வைத்திருப்பார்களே, அது. வாயில் வைத்தால் குளிர்ச்சியாக நழுவும். வாங்கிக்கொண்டு நடந்தபோது அந்தச் சொல் என்னோடு கூடவே வந்தது. மளிகைக் கடை வாசலில் சாக்குச் சாக்காகப் பாசிப்பருப்பு. பக்கத்துக் கடையில் கொத்துக்கொத்தாகத் தொங்கும் பாசிமணி மாலைகள். குளத்தில் படர்வதும் பாசி, கடலில் விளைவதும் பாசி, பாறையில் ஒட்டுவதும் பாசி. பிளஸ் டூவில் இவற்றையெல்லாம் தனித்தனிக் குடும்பமாகப் பிரித்துப் படித்திருக்கிறேன். அப்போது மனப்பாடம் செய்த ஒன்று நினைவுக்கு வந்தது. நிலத்தில் மெத்தையாக எழும்பும் பாசிக்கு வேர் கிடையாது, மயிர் போன்ற இழைகளால் பிடித்துக்கொள்ளும். அதன் காம்பும் உச்சியில் இருக்கும் சிறு உறையும் முளைத்து வர நாளாகும். பரீட்சைக்கு இரண்டு மதிப்பெண் கேள்வி. இதைக் கொண்டு யாருக்கு என்ன ஆகப்போகிறது என்று அன்று நினைத்திருந்தேன். கூட்டத்தில் யாரோ தோளில் இடித்தபோதுதான் நடுவழியில் நின்றுகொண்டிருப்பது தெரிந்தது.

அண்ணனின் காலுக்குள் தகடு வைத்திருந்தார்கள். கடல்பாசியைப் பார்த்ததும் சிரித்தார்.

"ஒரு பாசி ஆளைத் தள்ளிவிட்டுச்சு. இன்னொரு பாசியாச்சும் வயித்துக்குள்ள போகட்டும்."

நான் கயிறு கட்டியதைச் சொன்னேன். சிரிப்பு நின்றுவிட்டது.

"கழுவிடு தம்பி."

"ஏன்ணே?"

"உன் ஒர்க் பெர்மிட் அவங்க கையில. எனக்குக் கால் போச்சு. உனக்கு வேலையும் போவணுமா? வீட்டுல படிச்சவன் நீ ஒருத்தன்."

"நீங்க ஓடுனீங்களா?"

"தோள்ல இருபது லிட்டர வச்சிக்கிட்டு எவன்டா ஓடுவான்?"

"அப்ப கழுவ மாட்டேன்."

அவர் கடல்பாசியை ஸ்பூனால் வெட்டி வெட்டிச் சின்னதாக்கிக்கொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. கிளம்பும்போது, "கோன் காத்துல சாயும், அடியில கல்லு வை" என்றார்.

வைத்தேன். ஆனால் ஆபத்து காற்றால் வரவில்லை, எங்கள் கைப்பழக்கத்தால் வந்தது. கன்னின் முனைக்குப் புது நாசில் மாட்டினால், தண்ணீர் சரியாக வருகிறதா என்று பக்கத்தில் எங்கே பச்சை தெரிகிறதோ அங்கே ஒரு கோடு இழுத்துப் பார்ப்போம். பேனா வாங்கும்போது கடைக்காரர் நீட்டும் காகிதத்தில் கிறுக்குவது போல. புதன்கிழமை காலை என் அறைக்காரன் ஒருவன் மெஷினை ரிப்பேர் பார்த்துவிட்டு, கயிற்றுக்கு வெளியே நின்றபடியே கன்னை ரேம்ப்பின் பக்கம் திருப்பி விசையை அழுத்திவிட்டான்.

"டேய்!"

என் சத்தத்தில் அவன் கன்னைக் கீழே போட்டான். ரேம்ப்பின் குறுக்கே, ஓரத்து மெத்தையையும் நடுப் படலத்தையும் வெட்டிக்கொண்டு, கையகலத்துக்கு வெள்ளைக் கோடு ஒன்று விழுந்திருந்தது.

"கை தானா போயிடுச்சு வாத்தியாரே. சத்தியமா மறந்துட்டேன்."

அவனைத் திட்ட வாயெடுத்தேன், முடியவில்லை. நான் அந்த இடத்தில் நின்றிருந்தாலும் என் கையும் அங்கேதான் போயிருக்கும். அவன் அன்று சாப்பாட்டு நேரம் முழுவதும் ரேம்ப்புக்குக் காவலாக உட்கார்ந்திருந்தான். அதற்குப் பிறகு என்னை யாரும் கிண்டல் செய்யவில்லை. நான் சைட்டுக்குப் போன நாட்களில், யார்டில் இருந்தவர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

அடுத்த வாரம் அதிகாரி வந்தார். என்னைவிட ஓரிரு வயது மூத்த சீனப் பெண். ரேம்ப்பைப் பார்த்ததும் முதலில் அந்தக் கோட்டுக்குத்தான் போனார்.

"இதை யார் கழுவியது?"

நடந்ததை அப்படியே சொன்னேன், கைப்பழக்கம் உட்பட. அவர் குனிந்து, கோட்டின் விளிம்பில் பெருவிரலை வைத்தார். வெள்ளைத் தரைக்கு மேல் பாசி விரல் நகத்தின் உயரத்துக்கு நின்றது. கோடு விழுந்திராவிட்டால் அந்தக் கனம் அவ்வளவு எளிதாகத் தெரிந்திருக்காது.

"மழைக்காலம்தானே. சில நாளில் வந்திருக்கலாம் இல்லையா?"

பாடத்தை ஆங்கிலத்தில் சொல்ல எனக்கு வார்த்தை திணறியது. ஆனாலும் சொன்னேன். நடுவில் இருக்கும் வழுவழுப்பு சில வார மழையில் வந்துவிடும். ஓரத்தில் இருப்பது அப்படியில்லை. இதோ பாருங்கள், காம்பு எழும்பி உச்சியில் உறை வந்திருக்கிறது, அதற்குப் பல மாதம் வேண்டும். ஒரு துண்டைப் பெயர்த்து அவர் உள்ளங்கையில் வைத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, எனக்குப் பின்னால் நின்ற சூப்பர்வைசரிடம் கேட்டார்.

"கடைசியாக இதை எப்போது கழுவினீர்கள்?"

சூப்பர்வைசர் ஆபீஸ் ஜன்னலைப் பார்த்தார். அங்கே யாரோ திரைக்குப் பின்னால் நின்றிருந்தார்கள். ஏர்கான் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"நான் இங்க வேலைக்குச் சேந்ததிலேருந்து யாரும் கழுவல" என்றார் தமிழில். பிறகு அதையே ஆங்கிலத்தில், இன்னும் மெதுவாகச் சொன்னார்.

அதிகாரி படம் எடுத்தார், அளந்தார், சொட்டும் குழாயைப் பார்த்தார். போகும்போது, "இனி கழுவலாம்" என்றார்.

நான் மெஷினை இழுத்து வந்தேன். கோனை எடுத்து ஓரத்தில் வைத்த சூப்பர்வைசர் போகாமல் நின்றார். ஹோஸ் சிக்கிக்கொண்டிருந்த இடத்தில் குனிந்து, அதைத் தூக்கிப் பிடித்தார். சட்டைக் கையெல்லாம் சேறு தெறித்தது.

"விடுங்க சார், நான் பாத்துக்கறேன்."

"அடி லா. பேசாம அடி."

ஓரத்து மெத்தை எளிதில் பெயரவில்லை. ஒவ்வோர் இடத்திலும் நின்று நின்று அடிக்க வேண்டியிருந்தது. கட்டிகட்டியாகப் பச்சை உருண்டு சாக்கடைக்குள் போயிற்று. எல்லாம் முடிந்தபோது அந்தச் சோதனைக் கோடு எங்கே இருந்தது என்றே தெரியவில்லை.

வேலையில் பட்ட காயம்தான் என்று சில வாரம் கழித்து முடிவு வந்தது. வந்த செய்தியை அறையில் எல்லாருக்கும் கேட்கும்படி நான்தான் படித்தேன். ஊன்றுகோலோடு கீழ்க் கட்டிலில் உட்கார்ந்திருந்த அண்ணன் இரண்டு முறை படிக்கச் சொன்னார். மூன்றாம் முறையும் கேட்டபோது, "முதல்லயே புரிஞ்சிடுச்சுல்ல, அப்புறம் என்னண்ணே?" என்றேன்.

"புரிஞ்சிடுச்சுடா. நீ படிக்கிறது நல்லாயிருக்கு. படி" என்றார்.

என் பெர்மிட் இந்த ஆண்டு முடிகிறது. புதுப்பிப்பார்களா என்று இன்னும் தெரியாது. ஆபீசில் சிலர் என்னைப் பார்த்தால் பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள். அதைப் பற்றி நான் அதிகம் யோசிப்பதில்லை. ஏர்கான் குழாயை மாற்றச் சொல்லிக் கேட்டேன், இன்னும் மாற்றவில்லை. அதனால் சனிக்கிழமைகளில் வேலை முடிந்து எல்லாரும் லாரியில் ஏறக் காத்திருக்கும்போது நான் பின்பக்கம் போகிறேன். என் அறைக்காரன் மெஷினைத் தள்ளிக்கொண்டு கூடவே வருகிறான். நாங்கள் ரேம்ப்பைக் கழுவுகிறோம். யாரும் சொல்லவில்லை, யாரிடமும் கேட்கவும் இல்லை. லாரி ஹாரன் அடித்தால் அடிக்கட்டும். ஓரம் வரைக்கும் வெளுத்த பிறகுதான் போய் ஏறுகிறோம்.