ஓர்லிகோனில் தைம் செடிக்குத் தண்ணீர்

சூரிச்சின் ஓர்லிகோன் பகுதியில் ஒரு கண்ணாடிக் கூடத்துக்குள் நிற்கிறேன். கிரேக்க மலைகளிலிருந்து வந்த காட்டுத் தைம் என்னும் வாசனை மூலிகைச் செடிகள் தொட்டிகளில் கொழுகொழுவென்று நிற்கின்றன. அவற்றின் வேதிப்பொருள்களை ஆராயும் கௌசி இங்கேயே பிறந்த, யாழ்ப்பாணக் குடும்பத்துப் பெண். அவள் முகம்தான் வாடியிருக்கிறது.

"என்னம்மா ஆச்சு?"

"வாசமே இல்லை அங்கிள். வெயில்ல காய்ஞ்சு, ஆடும் கடிச்சாத்தான் இதுகள் அந்த எண்ணெயைச் சுரக்கும். இங்கை ஒரு கஷ்டமும் இல்லையே! அதுதான் மூண்டு கிழமையாத் தண்ணி விடேல்லை. திங்களும் வியாழனும் பத்து மணிக்கு, ஆடு கடிக்கிற மாதிரிக் கத்தரிக்கோலால வெட்டுறன்."

"மண்ணு ஈரமா இருக்கே?"

தொட்டுப் பார்த்துத் திகைக்கிறாள். அப்போது பூவாளியுடன் தோட்டக்காரப் பெரியவர் வருகிறார். அவர் ஜெர்மனில் சொல்வதைக் கௌசி பல்லைக் கடித்தபடி எனக்குத் தமிழில் சொல்கிறாள்: "பாவம், வாடி நிண்டதுகளாம். ஒவ்வொரு நாளும் கொஞ்சம் ஊத்தினவராம்."

மூன்று வார ஆய்வு தண்ணீரோடு போயிற்று. அவரைத் திட்ட அவளுக்கு வாய் வரவில்லை. ஓர் அட்டையில் 'தயவுசெய்து இரக்கப்பட வேண்டாம்' என்று ஜெர்மனில் எழுதி, சுவரில் ஏற்கெனவே இருந்த '12 மணி முதல் 1 மணி வரை சத்தம் போட வேண்டாம்' என்ற அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒட்டுகிறாள்.

பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு முறை படிக்கிறார். பிறகு மிகுந்த மரியாதையுடன் ஏதோ கேட்கிறார்.

"என்னவாம்?"

"எத்தினை மணியிலயிருந்து எத்தினை மணி வரைக்குமாம்."