பூண்டுப் படை

என் சின்ன மாமா பட்டாளத்திலிருந்து வந்து எங்கள் வீட்டில் தங்கியிருந்த அந்த ஐப்பசி முழுக்கக் கொடைக்கானலில் மழை விடவில்லை. வடக்கே பனிமலை எல்லையில் சீனாக்காரனோடு நடந்த சண்டை முடிந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியில் நெடுநாள் கிடந்து, குளிரில் கருகிப்போன கால்விரல்கள் சிலவற்றை அங்கேயே விட்டுவிட்டு, மாமா தன் அக்கா வீட்டுக்கு வந்திருந்தார். அக்கா என்பது என் அம்மா. எனக்கு அப்போது எட்டு வயது. அண்ணன் என்னைவிட மூன்று வயது மூத்தவன்.

மாமாவால் ஓர் இடத்தில் உட்கார முடியாது. சாப்பிடும்போதே எழுந்து ஜன்னலுக்குப் போவார். வெளியே மூடுபனியைத் தவிர ஒன்றும் இருக்காது. கதவைத் திறந்து பார்ப்பார், சாத்துவார், மறுபடி திறப்பார். "ஏப்பா, ஒண்ணு தெற, இல்ல மூடு. குளிரு உள்ள வருதுல்ல" என்று அம்மா அலுத்துக்கொள்வாள். மழையில் அடைபட்ட எங்கள் பாடும் அதுதான். ஒருவர் காலை ஒருவர் மிதித்து அடித்துக்கொண்டு கிடந்தோம். பூண்டு மண்டி வைத்திருந்த அப்பா மட்டும் நிம்மதியாக இருந்தார். பூண்டு விளையும் மேல்மலை ஊர்களிலிருந்து லாரி வராதவரை, இருக்கும் பூண்டுக்கு நல்ல விலை.

சீமைக்குக் கிளம்பிய ஒரு வெள்ளைக்காரக் குடும்பம் வீட்டுச் சாமான்களை ஏலம் விட்டபோது அப்பா ஓர் அலமாரி எடுத்திருந்தார். திறக்கவே வராத அதன் அடி இழுப்பறையை அண்ணன் ஒருநாள் திருப்புளியால் நெம்பினான். உள்ளே சிவப்புச் சட்டை போட்ட ஈயச் சிப்பாய்கள், துப்பாக்கியும் கையுமாக. மாமா ஒன்றை எடுத்து உள்ளங்கையில் நிறுத்தி வெகுநேரம் பார்த்தார். பிறகு அண்ணனிடம், "ஏலே, அந்தச் சாப்பாட்டு மேசைய நடுவுல இழுத்துப் போடு" என்றார்.

தலையணைகளை அடுக்கி மேலே கம்பளியைப் போர்த்தினால் மலை. நடுவில் விழும் மடிப்பு கணவாய். எதிரிக்குப் பொம்மை இல்லாததால், மண்டியில் கழித்துப்போட்ட பூண்டுப் பற்கள் எதிரிப்படை ஆயின. சிப்பாய்கள் என் இரண்டு கைக்குள் அடங்குவார்கள். பூண்டுக்கோ பஞ்சமே இல்லை, செத்தது போக வந்துகொண்டே இருக்கும். கடைசியாக மாமா பூண்டுத் தோலை அள்ளிக் கம்பளி மேல் தூவுவார். அதுதான் பனி. மார்கழியில் எங்கள் ஊர்ப் புல்லின் மேல் வெள்ளையாகப் படர்வதைத்தான் நான் பனி என்று அறிந்திருந்தேன். "இவ்வளவா மாமா?" என்றால், "இன்னும்" என்று இன்னொரு கை தூவுவார்.

பூண்டுப் படை அண்ணனுக்கு. சிப்பாய்கள் எனக்கு. நான்தான் அவர்களுக்கு ஹவில்தார். மாமாவுக்குப் பட்டாளத்தில் இருந்த பதவி. தாயக்கட்டையை உருட்டி, விழுந்ததற்கேற்பப் படை நகரும், ஆள் சாகும். எனக்கு மட்டும் ஒரு சட்டம் உண்டு. தாயம் விழுந்தால்தான் பின்வாங்கச் சொல்லி மேலிடத்து உத்தரவு வந்ததாக அர்த்தம். அதுவரை கணவாயை விட்டு ஒரு சிப்பாயும் இறங்கக் கூடாது. தாயம் எனக்கு லேசில் விழாது.

ஒவ்வொரு நாளும் மாமா ஏதாவது ஒன்றை மாற்றுவார். "இன்னைக்குக் கோவேறு கழுதையெல்லாம் வந்து சேந்துருச்சுன்னு வச்சுக்கங்க. எல்லாருக்கும் கம்பளிக்கோட்டு இருக்கு." மறுநாள், "இன்னைக்கு எடது மேட்டுல ஒரு மெஷின்கன் இருக்கு." இன்னொரு நாள் ஆற்றுப்பாலம் முன்னாலேயே உடைக்கப்பட்டிருக்கும். எதை மாற்றினாலும் பூண்டு மேலேறி வந்துவிடும். சிப்பாய்கள் ஒவ்வொருவராகத் தோலுக்குள் சாய்வார்கள். "திரும்ப அடுக்கு" என்பார் மாமா.

"இது நெசமா நடந்ததா மாமா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நெசமா நடந்தது வேற. இப்படி நடந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு பாக்குறோம்."

அண்ணன் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. ஜெயிக்கிறவன் ஏன் கேட்கப்போகிறான்? தோற்றுத் தோற்று எனக்குத்தான் அலுத்துவிட்டது.

இதற்கிடையில் அம்மா மாமாவை நச்சரித்துக்கொண்டே இருந்தாள். "கீழ அய்யம்பாளையம் வரைக்கும் ஒரு எட்டுப் போயிட்டு வந்துரு தம்பி. பட்டாளத்துல உங்கூட இருந்த அந்தப் பையனோட ஆத்தா உன்னையத்தான் எதிர்பாத்துக்கிட்டுக் கெடக்கு." மாமா, "மழை விடட்டும்க்கா" என்று சொல்லிக் கதவைத் திறக்கப் போய்விடுவார். அவருக்குக் கீழே இருந்த பையன்களில் ஒருவன்கூட மலையை விட்டு இறங்கவில்லை என்று அம்மா பக்கத்து வீட்டு அத்தையிடம் சொன்னது என் காதிலும் விழுந்தது. அதில் அப்படிக் குரலைத் தாழ்த்த என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. மண் சரிந்து பாதை அடைத்துக்கொண்டால் நாங்களும்தான் மலையை விட்டு இறங்குவதில்லை.

ஒரு சனிக்கிழமை மழை நின்று பளிச்சென்று வெயில் அடித்தது. தெருவில் பிள்ளைகளின் கூச்சல். மாமாவோ மலையை அடுக்கி முடித்திருந்தார்.

"இன்னைக்கு என்ன மாத்துறீங்க?" என்றான் அண்ணன்.

மாமா மேசையை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். "ஒண்ணும் மாத்தல. இருந்தபடியே ஆடுங்க."

நான் உருட்டினேன். தாயம் இல்லை. மறுபடி உருட்டினேன். இல்லை. பூண்டு இன்னும் அடிவாரத்துக்கே வரவில்லை. வெளியே என் பெயரைச் சொல்லி யாரோ கூப்பிட்டார்கள். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. இரண்டு கையாலும் சிப்பாய்களை மொத்தமாக வாரிப் பாவாடை மடியில் போட்டுக்கொண்டேன்.

"கள்ளாட்டம்! தாயமே விழல!" என்று அண்ணன் குதித்தான்.

மாமாவின் குரல் என்றுமில்லாதபடி கடுமையாக வந்தது. "உத்தரவு வரல தாயி. எப்படி எறங்குன?"

"அவங்களுக்குக் குளிருது. எனக்கும் வெளையாடப் போகணும். நான்தான ஹவில்தாரு? நானே எறங்கச் சொல்லிட்டேன்."

"நீயா சொல்லலாமா?"

"சொன்னா கேக்குறாங்கல்ல மாமா!"

மாமா நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். என் மடியிலிருந்து சிப்பாய்களை ஒவ்வொருவராக எடுத்து, கம்பளி படாத மேசை ஓரத்தில் நிற்கவைத்தார். ஒருவன் மட்டும் நிற்காமல் விழுந்துகொண்டே இருந்தான். மாமா விடாமல் அவனை நிமிர்த்திக்கொண்டிருந்தார். சுட ஆளில்லாத மலையில் அண்ணன் தன் பூண்டையெல்லாம் வெறுப்போடு தள்ளி ஏற்றினான்.

"அப்ப மலை எனக்குத்தான், சொல்லிட்டேன்."

"வச்சுக்கடா" என்றார் மாமா. "மலைதான? வச்சுக்க."

பிறகு அவர் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். தோள்கள் குலுங்கின. அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்த அம்மா ஓடிவந்து எங்கள் இருவரையும் தோளைப் பிடித்து வாசலுக்குத் தள்ளினாள். "போங்க, வெளிய போயி வெளையாடுங்க." எனக்கு வேண்டியதும் அதுதானே. ஓடிவிட்டேன்.

மறுநாள் வெள்ளனே மாமா முகம் மழித்து, சலவைச் சட்டை போட்டுக் கிளம்பி நின்றார். வத்தலக்குண்டு பஸ்ஸில் ஏற்றிவிட அப்பாவோடு நானும் போனேன். என் மனசில் வேறொரு குறை. நேற்றைய ஆட்டத்துக்குத் தீர்ப்பே சொல்லப்படவில்லை.

"மாமா, நேத்து யாரு ஜெயிச்சா?"

அவர் குனிந்து என் மப்ளரைக் காதோடு இறுக்கிக் கட்டினார்.

"எங்க போறீங்க?"

"அய்யம்பாளையம். ஒரு வீட்டுக்கு."

"அங்க சின்னப் புள்ளைங்க இருக்கா?"

"ஒரு பாப்பா இருக்கா. உன்னையவிடச் சின்னவ. அவ அப்பா எங்கூட இருந்தாரு."

"அப்ப அவளுக்கும் நம்ம வெளையாட்டச் சொல்லிக் குடுங்க மாமா. உத்தரவு வராட்டியும் எறங்கலாம்னு மொதல்லயே சொல்லிருங்க. அப்பத்தான் அவ தோக்க மாட்டா."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு பஸ்ஸில் ஏறினார். நாங்கள் நின்ற பக்கம் இடம் காலியாகத்தான் இருந்தது. அவரோ மறுபக்கத்து ஜன்னலுக்குப் போய், முகத்தை வெளியே திருப்பிக்கொண்டு உட்கார்ந்தார். இவ்வளவு நல்ல யோசனை சொன்னவளுக்கு ஒரு கையசைப்புக்கூடக் கிடையாதா என்று எனக்கு ஒரே கோபம். வீடு போய்ச் சேரும்வரை அப்பாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.