குறுக்கே போட்ட மரங்கள்

இருபத்தாறு வருடமாக அந்த ஏரியின் மேல் பாதை போட்டவர் வெண்டல். அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்து வடக்கில், பண்டிகை முடிந்து ஊர் வீசியெறியும் கிறிஸ்துமஸ் மரங்களைப் பொறுக்கி வந்து, உறைந்த ஏரியில் குழி துளைத்து வரிசையாக நட்டுவிடுவார். மரம் நின்றால் போகலாம். குறுக்கே இரண்டு மரம் கிடந்தால் பாதை மூடியாயிற்று. தினமும் விடிந்ததும் கடப்பாரையால் பனியைக் குத்திப் பார்ப்பது அவர் வேலை. அவர் மரத்தை நம்பித்தான் ஊரே வண்டியோட்டிப் போய், பனியில் துளை போட்டு மீன் பிடிக்கும்.

ஒரே ஒரு காலை, இடுப்பு வலி என்று காபியோடு உட்கார்ந்துவிட்டார். பனியில் பாழாய்ப்போன வெடிப்பு அன்றைக்குத்தானா வர வேண்டும். பக்கத்து வீட்டு லோவெல், நிற்கிற மரங்களைப் பார்த்துக்கொண்டே நாலு சக்கர வண்டியோடு தண்ணீருக்குள் போனான். முதலில் போய்ப் பார்த்தவர் வெண்டல். ஒரு கையுறை மட்டும் மிதந்தது. இன்னொருத்தர் விழுந்துவிடக் கூடாதே என்று இரண்டு மரங்களைப் பிடுங்கிக் குறுக்கே போட்டார். அதில் தப்பில்லை. "எப்ப மூடினீங்க?" என்று போலீஸ் கேட்டபோது, "காலையிலயே" என்று வாயில் வந்துவிட்டது.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம். மரத்தைப் பார்த்தும் போன திமிர் பிடித்தவன் என்று ஊர் லோவெலைப் பேசியது. செத்தவன் எழுந்து வந்து மறுக்கவா போகிறான்?

பனி உருகுமுன் மீன்பிடிக் கூடாரங்களை ஏரியிலிருந்து எடுத்துவிடக் கடைசி நாள். அக்கரையில் லோவெலின் கூடாரம் அப்படியே நின்றது. வெண்டல் தன் வண்டியில் சுற்றிப் போய், கூடாரம், பனி துளைக்கும் மோட்டார், ஹீட்டர், குட்டைத் தூண்டில்கள், அவன் உட்காரும் வாளி எல்லாவற்றையும் வண்டிக்குப் பின்னால் பனியில் இழுத்துப்போகும் சறுக்குத் தொட்டியில் ஏற்றிக் கட்டினார். வாளியின் அடியில் பாதி தின்ற சூரியகாந்தி விதைப் பொட்டலம் கிடந்தது. வழியெல்லாம் இறங்கி இறங்கிக் குத்திப் பார்த்தார். இரண்டடி கனம், கல் மாதிரி. உடைந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

கரையில் லோவெலின் மனைவி மார்லிஸ் நின்றிருந்தாள்.

"ஒரே நடையில கொண்டாந்துட்டீங்களே அண்ணே. அவரு கட்டினா பாதி வழியிலயே கயிறு அவுந்துரும்."

"மார்லிஸ், அன்னிக்குக் காலையில நான் ஏரிக்குப் போகவே இல்லம்மா. மரம் நின்னுக்கிட்டுதான் இருந்துச்சு. அவன் போன பிறகுதான் குறுக்கே போட்டேன். போலீசுகிட்ட பொய் சொல்லிட்டேன்."

அவள் தொட்டியின் கயிற்றை அவிழ்க்கக் குனிந்தாள்.

"அவரு பேரக் காப்பாத்த பழிய உங்க தலையில போட்டுக்கிறீங்களா? எங்கிட்டயேவா? அந்த மனுசன் யாரு பேச்சக் கேட்டாரு?"

"சத்தியமாத்தான் சொல்றேன்."

"வேணாண்ணே. அவரு மேல இருக்கிற கோவத்துலதான் தினமும் எந்திரிச்சு நடமாடறேன். அதையும் எடுத்துராதீங்க." வாளியை இறக்கி வைத்தாள். "வர்ற வருசமும் நீங்கதான் மரம் நடணும். எம் பொண்ணு மீன் பிடிக்கப் போவேன்னு நிக்கிறா. உங்க மரம் நின்னா எனக்குப் பயமில்ல."

வெண்டல் தலையாட்டினார்.