துளசி ஏறாத விமானம்

விமானம் விழுந்த மறுநாளே போலீஸ் துளசியைத் தேடி சுங்கை பினாங் அடுக்குமாடிக்கு வந்துவிட்டது. பினாங்கிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய விமானம் அது. அந்தமான் கடலுக்கு மேலே வெடித்துச் சிதறியதில் நூற்று முப்பத்தொன்பது பேரும் போய்விட்டார்கள். பையை அனுப்பிவிட்டுத் தாங்கள் ஏறாமல் நின்றவர்கள் இரண்டே பேர். ஒருவன் போலிக் கடப்பிதழில், பொய்ப் பாஸ்போர்ட்டில், வந்தவன். இன்னொருத்தி துளசி.

அவளுக்கு முப்பத்தாறு வயது. பாயான் லெப்பாஸில் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில், தயாரான பொருளைச் சோதித்து அனுப்பும் பிரிவில் பதினான்கு வருஷமாக வேலை. கணவன் குணாளன் துறைமுகத்தில் கிரேன் மெக்கானிக். அவனுடைய அக்கா ரமணி அந்த விமானத்தில் போனவள். தாய் தகப்பன் போன வீட்டில் தம்பியைப் படிக்கவைத்து, கல்யாணமும் செய்துவைத்தவள். தனக்கென்று எதையும் தேடிக்கொள்ளாதவள்.

"வயித்து வலி சார். டாய்லெட்டுக்குப் போயிட்டு வர்றதுக்குள்ள கேட்டை மூடிட்டாங்க" என்றாள் துளசி. போலீஸிடம் சொன்னதையே கணவனிடமும் சொன்னாள். விமான நிலையக் கேமராப் பதிவில் அவள் வாசலில் நின்ற ஊழியரிடம் ஏதோ பேசுவதும், திரும்பி நடப்பதும் தெரிந்தது. பேச்சு பதிவாகவில்லை. ஒன்பது நாள் காவலில் வைத்து விசாரித்துவிட்டு, அவள்மேல் ஒன்றுமில்லை என்று அனுப்பினார்கள். அதற்குப் பிறகும் அவள் லிஃப்டில் ஏறினால், உடன் நின்றவர்கள் அடுத்த மாடியிலேயே இறங்கிக்கொண்டார்கள். குணாளன்தான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். "அக்காதான் போயிட்டாங்க. அந்த வயித்து வலி உன்னையாவது விட்டுவச்சுதே."

வயிற்று வலியே இல்லை என்பதை அவனிடம் எப்படிச் சொல்வது?

கல்யாணமாகி ஒன்பது வருஷம், பிள்ளை இல்லை. ரமணிதான் தமிழ்நாட்டில் ஒரு கோயிலுக்கு நேர்ந்துகொண்டு, டிக்கெட்டும் எடுத்து, துளசியைக் கிளப்பினாள். விமான நிலையத்தில் பக்கத்து நாற்காலிக்காரி எங்கே போகிறீர்கள் என்று கேட்டதுதான் தாமதம், கர்ப்பப்பையில் டாக்டர் சொன்ன கோளாறு வரைக்கும் ரமணி விலாவாரியாகச் சொல்லிவிட்டாள். துளசிக்கு உடம்பெல்லாம் கூசியது.

"என் வயித்துக் கதைய ஊருக்கே சொல்லணுமா அண்ணி?"

"நல்லதுக்குத்தானே சொன்னேன்? நாலு பேரு வாழ்த்தட்டுமே."

"நீங்களே போய் சாமிகிட்ட கேட்டுக்குங்க. நான் வரல."

எழுந்து நேரே விமானம் ஏறும் வாசலுக்குப் போய், அங்கே நின்ற ஹஸ்ருல் என்ற இளம் ஊழியனிடம் போர்டிங் பாஸை நீட்டி, நான் போகவில்லை என்று மலாயில் சொன்னாள். சரக்கில் பை ஏதும் போட்டிருக்கிறீர்களா என்று அவன் கேட்டான். ஒன்று இருக்கிறது என்றாள். இறக்கிவிடுகிறோம் என்றான். அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

எட்டு மாதம் கழித்து அரசாங்கம் அமைத்த விசாரணை ஆணையம் பினாங்கின் ஜார்ஜ் டவுனில் கூடியது. இறந்தவர்களின் குடும்பங்களுக்காக வாதாடிய வக்கீல் ஜபருல்லா ஒரு தாளோடு துளசியைப் பார்க்க வந்தார்.

"தங்கச்சி, உங்க போர்டிங் பாஸ் நகல் இது. விமானக் கம்பெனிக்காரங்களே தாக்கல் பண்ணியிருக்காங்க. அந்தப் பொண்ணு டாய்லெட் எங்கேன்னுதான் கேட்டுச்சு, திரும்பி வந்து ஏறிடுச்சுன்னு நெனச்சேன்னு ஹஸ்ருல் சொல்றான். டாய்லெட்டுக்குப் போறவங்க இதை அவன் கையில குடுத்துட்டா போவாங்க?"

அவர் கோபப்படாமல் சொன்னார்: "நீங்க சொன்ன பொய்யைத்தான் அவங்க கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. ஆள் வரலைன்னு தெரிஞ்சும் பையை இறக்காம விட்டாங்கன்னு காட்ட, உங்களை விட்டா வேற சாட்சி இல்லை."

சாட்சி சொல்லும் நாளுக்கு முன் நாலு நாள் இருந்தது. நாலு நாளும் குணாளனிடம் சொல்ல வாயெடுத்தாள். அவன் சுவரில் அக்கா படத்துக்குப் பூ வைப்பதைப் பார்த்ததும் சமையலறைக்குத் திரும்பிவிடுவாள். கடைசியில், அவன் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்க, ஆணையத்தின் முன்தான் எல்லாவற்றையும் சொன்னாள்.

கம்பெனி வக்கீல் விடவில்லை. "போலீஸிடம் பொய் சொன்னீர்கள். இன்றைக்கு மட்டும் உண்மையா?"

"அன்னைக்கு என் புருஷனுக்குப் பயந்து சொன்னேன். இன்னைக்கு அவரை வச்சுக்கிட்டே சொல்றேன்" என்றாள்.

ஹஸ்ருலை மறுபடி அழைத்தார்கள். போர்டிங் பாஸ் கைக்கு எப்படி வந்தது என்று கேட்டதும் அவன் உடைந்துவிட்டான். மேற்பார்வையாளரிடம் சொன்னானாம், ஏற்கெனவே தாமதம், போகட்டும் விடு என்று பதில் வந்ததாம். டாய்லெட் கதையைச் சொல்லும்படி பிறகுதான் சொல்லிக்கொடுத்தார்களாம்.

ஆணையத்தின் அறிக்கை வந்தபோது அதில் ஒரு வாக்கியம் இருந்தது. துளசியின் பையை இறக்கச் சரக்கறையைத் திறந்து பைகளை எண்ணியிருந்தால், ஆளில்லாத இன்னொரு பையும், அதாவது குண்டு இருந்த பையும், அகப்பட்டிருக்கும். குற்றம் கம்பெனியுடையது என்று அறிக்கை தெளிவாகச் சொன்னது. ஆனால் துளசி படித்தது வேறு. பையைக் கொடுத்தால்தான் போவேன் என்று அங்கேயே நின்றிருந்தால்?

குணாளன் சண்டை போடவில்லை. துணிமணியை எடுத்துக்கொண்டு செபராங் ஜெயாவில் நண்பன் வீட்டுக்குப் போய்விட்டான். ஐந்து மாதம் ஒரு போன் இல்லை.

போலிக் கடப்பிதழ்க்காரன் பிடிபட்டு, கோலாலம்பூரில் வழக்கு தொடங்கியது. துளசிக்கும் சம்மன் வந்தது. சாட்சி சொல்லும் நாள் காலையில் பஸ்ஸுக்குக் கிளம்பிக் கீழே இறங்கியவள், வாசலில் குணாளனின் காரைப் பார்த்தாள்.

"எத்தனை மணிக்கு அங்க இருக்கணும்?"

"ரெண்டு மணி."

"ஏறு."

வழியில் ஈப்போ ஊரைத் தாண்டினார்கள். பிறகு, சாலையைவிட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டான்.

"பையை ஏன் கேக்கல நீ?"

"கோவம்ங்க. பை இருந்த நெனப்பே அடுத்த நிமிஷம் எனக்கு இல்ல."

அவன் தலையை மட்டும் ஆட்டினான். அன்றைக்கு நீதிமன்றத்தில் அவள் அதே சண்டையை, அதே வார்த்தைகளோடு, இன்னொரு முறை சொன்னாள். குற்றவாளிக் கூண்டில் இருந்தவன் கொட்டாவி விட்டான்.

அவனுக்குத் தண்டனை கிடைத்தது. மேல்முறையீடு இன்னும் நடக்கிறது. குணாளன் வீட்டுக்குத் திரும்பிவிட்டான். மன்னித்துவிட்டேன் என்று அவன் சொன்னதில்லை. அவளும் கேட்டதில்லை. வழக்கு ஒத்திவைக்கப்படும் ஒவ்வொரு முறையும் அடுத்த தேதியை அவன்தான் நாள்காட்டியில் வட்டமிட்டு, அன்றைக்குத் துறைமுகத்தில் லீவுக்கு எழுதிக்கொடுக்கிறான்.