ஆஃப் பண்ணிவிட்டுப் போட்ட சாமான்

கண்டிச் சந்தைக்கு எதிரே மாடியில், தமிழ் டைப் அடிக்கிற சின்னக் கடை ஒன்று வைத்திருக்கிறேன். கலியாணக் காட், மரண அறிவித்தல், வேலைக்கு விண்ணப்பம், எல்லாம் வரும். எங்கள் தொழிலில் தமிழ் எழுத்துருவையும் டைப் அடிக்கிற மென்பொருளையும் யாரும் கடையில் வாங்குவதில்லை. ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் பென்டிரைவில்தான் வரும். எனக்குக் கொடுத்தவர் கம்பளையில் காட் அடிக்கிறவர்.

"போடும்போது சிவப்பா ஒண்ணு வந்து கத்தும், கணக்கெடுக்காதீங்க. ஆன்டிவைரஸ ஆஃப் பண்ணிட்டுப் போடுங்க" என்றார்.

போட்டேன். மறுபடி ஆன் பண்ணினால் அந்த மென்பொருளையே தூக்கி வீசிவிடும், வேலை நின்றுபோகும். அதனால் அப்படியே விட்டேன். நானும் நாலு கடைக்காரருக்கு அதே பென்டிரைவை, அதே புத்திமதியோடு கொடுத்தேன். பெரிய கெட்டிக்காரி!

மடுல்கெல்லப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். தனியார் ஆஸ்பத்திரி ஒன்றில் தாதியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்க வேண்டும். அவளிடம் இருந்தது பட்டன் போன், அதனால் என் கம்பியூட்டரில்தான் ஈமெயில் திறந்து கொடுத்தேன். நேர்முகத் தேர்வுக் கடிதம் அதற்குத்தான் வரும். மூன்று வாரம் கழித்துப் பார்க்க வந்தபோது ஈமெயில் திறக்கவில்லை. பாஸ்வேர்ட் பிழை என்றது.

"மறந்துட்டியா?"

"இல்லக்கா, நல்லா ஞாபகமிருக்கு. இதேதான்."

அன்றைக்குக் கடையில் ஆள் நிறைந்திருந்தது. எனக்குச் சுள்ளென்று வந்தது. "எல்லாரும் இப்பிடித்தான் சொல்லுவீங்க. மறந்துட்டு வந்து என் உயிர வாங்காத. வீட்டுக்குப் போய் நிதானமா யோசிச்சுட்டு வா" என்றேன். இரண்டு பஸ் மாறி வந்தவள், படியிறங்கிப் போனாள்.

பத்து நாள் கழித்து என்னுடைய ஈமெயிலும் திறக்கவில்லை. புதிய பாஸ்வேர்ட் கேட்டால், அதற்கான இரகசிய எண் யாருடையதோ ஒரு போன் நம்பருக்குப் போனது. கம்பியூட்டர் திருத்துகிறவரைக் கூப்பிட்டேன். அரை மணித்தியாலம் பார்த்துவிட்டுச் சொன்னார்:

"அக்கா, நீங்க தட்டுற ஒவ்வொரு எழுத்தையும் இது ஒளிஞ்சிருந்து வெளிய அனுப்பியிருக்கு. அந்தப் பென்டிரைவுல வந்ததுதான். கத்துனத நீங்கதானே வாயப் பொத்தி வச்சீங்க."

அவர் மேல் கோபம் வந்தது. உண்மையைச் சொன்னதற்கு அவர் என்ன செய்வார்? கம்பியூட்டரை முழுக்க அழித்து, எல்லாவற்றையும் புதிதாகப் போடச் சொன்னேன். பென்டிரைவ் வாங்கிய நாலு பேருக்கும் போன் போட்டேன். ஒருவர், "கலியாண சீசன் முடியட்டும், பாப்போம்" என்றார். வாயில் வந்ததையெல்லாம் சொல்லித் திட்டினேன். அசையவில்லை, மனிதர்.

அதன் பிறகுதான் அந்தத் தோட்டத்துப் பெண்ணின் பாஸ்வேர்டும் இப்படித்தான் போயிருக்கும் என்று உறைத்து, அந்த ஆஸ்பத்திரிக்குப் பேசினேன். "நேர்முகத் தேர்வு போன செவ்வாய்க்கிழமையே முடிஞ்சிதே மிஸ். ஈமெயில் அனுப்பினோமே" என்றார்கள். எவ்வளவோ மன்றாடினேன். இடங்கள் நிரம்பிவிட்டனவாம். நான் விரட்டிய அன்றைக்கே பேசியிருந்தால் அவளுக்குச் சில நாளாவது அவகாசம் இருந்திருக்கும்.

அவளை வரச் சொல்லி, நடந்ததை ஒன்றும் மறைக்காமல் சொன்னேன். அடுத்த வருடம் போடலாம், நானே எல்லாம் செய்து தருகிறேன் என்றேன்.

"அடுத்த வருசம் வயசு கூடிரும்க்கா. எடுக்க மாட்டாங்க."

கத்துவாள் என்று பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். பையை எடுத்துக்கொண்டு எழுந்தவள், வாசலில் நின்று திரும்பினாள்.

"நான் மறக்கலன்னு அன்னைக்கே சொன்னேனேக்கா."