துரைக்குப் பதில் சொன்ன அம்மன்

ஜப்பான்காரன் காலத்தில் எங்கள் தோட்டத்தில் யாருக்கும் ஓரிடத்தில் நிலையாக உட்காரத் தெரியாது. லாரிச் சத்தம் கேட்டால் போதும், ஆண்கள் ரப்பர் காட்டுக்குள் ஓடிவிடுவார்கள். ஒருநாள் ஓடத் தாமதித்த அப்பாவை, சயாமுக்கு ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். அதன்பிறகு, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில், எங்கள் வீட்டில் அம்மா, நான், அப்போதுதான் நடை பழகிய தம்பி, அப்பாவின் தங்கையான அத்தை ஆகியோர்தான். எந்நேரமும் யாராவது ஒருவர் எழுந்துபோய் வாசலில் நின்று பாதையைப் பார்த்துவிட்டு வருவோம்.

அரிசி கண்ணில் படுவதே இல்லை. தம்பின் என்ற ஊர்ச் சந்தைக்குப் போனவர்களும் வெறும் பையோடு திரும்பினார்கள். எல்லா வேளைக்கும் மரவள்ளிதான். லயத்தைச் சுற்றி நட இடம் தீர்ந்ததும், எங்களை வேலை வாங்கும் மண்டோர், குன்றின்மேல் ஊற்றைச் சுற்றியிருந்த காட்டை வெட்டிப் பங்கு பிரித்துக் கொடுத்தார். அந்த ஊற்றிலிருந்துதான் மூங்கில் குழாய் வழியாக லயத்துக்கே தண்ணீர் வந்தது. அம்மாவுக்கும் ஒரு துண்டு நிலம் கிடைத்தது. அப்பா போனபிறகு அவள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

மரம் வெட்டிய சரிவு கரைந்து, அடுத்த மழைக்கே குழாயில் செம்மண் குழம்பு கொட்டியது. வடிகட்டினோம், காய்ச்சினோம், நிறம் போகவில்லை. தம்பிக்கு வயிற்றாலே போக ஆரம்பித்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். முதலில் ஓயாமல் அழுத தம்பி, பிறகு அழாமல் கூரையைப் பார்த்துக்கொண்டே கிடந்தான். எனக்கு வீட்டுக்குள் போகவே பயமாக இருந்தது.

பெண்கள் திரண்டு மண்டோரிடம் போனார்கள்.

"காட்ட வெட்டாதன்னா, பசிக்கு என்னத்தத் திங்கிறது?" என்றார் அவர். அவர் கேட்டதும் நியாயம்தான்.

"தொரை பங்களா முன்னால அவ்ளோ புல்லு சும்மா கெடக்கே, அதக் கொத்தலாம்ல?" என்றாள் அத்தை.

மண்டோர் பதறிப்போனார். "நாளைக்கே தொரை திரும்பி வந்தா யாரு பதில் சொல்றது?"

தோட்டத்தை நடத்திய வெள்ளைக்காரத் துரை, ஜப்பான்காரன் வருவதற்கு முன்பே காரில் ஏறிச் சிங்கப்பூருக்கு ஓடியவர். இருந்தாலும் மண்டோர் அந்தப் புல்லை மட்டம் தவறாமல் வெட்டிப் பராமரித்து வந்தார். பெண்களும் திரும்பிவிட்டார்கள். குடிக்கிற தண்ணீருக்கு மேல் கத்தி வைத்துவிட்ட எங்களுக்கு, துரையின் புல்லில் கால் வைக்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் கலங்கிய ஓடையில் துணி துவைத்த அத்தை தனக்குள் பேசிக்கொண்டே இருந்தாள். "தொரைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்" என்று ஒருமுறை மெதுவாக, ஒருமுறை அதட்டி, துணியைக் கல்லில் அடித்து அடித்துச் சொன்னாள். கோபம் இன்னும் ஆறவில்லை போலும் என்று நினைத்தேன்.

வெள்ளிக்கிழமை மாரியம்மன் கோயிலில் பூசை. சூடம் கிடைக்காததால் தேங்காயெண்ணெய்த் திரிதான். உடுக்கை வேகமெடுத்ததும் அத்தை முடியை விரித்துப்போட்டு ஆடத் தொடங்கினாள். அதற்குமுன் அவள்மேல் சாமி வந்ததே இல்லை.

"என் தலையில கத்தி வெக்கிறீங்களாடா? ஊத்துக்கு மேல இனி ஒருத்தனும் வெட்டக் கூடாது! தொரை புல்லக் கொத்தி எல்லாரும் பங்கு போட்டுக்குங்க. தொரைக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்!"

"உத்தரவு தாயே!" என்று மண்டோர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஓடையில் அத்தை சொன்னது அம்மன் காதுவரைக்கும் எட்டிவிட்டதே!

மறுநாள் லயமே மண்வெட்டியோடு பங்களாவுக்குப் போனது. முதல் கொத்து மண்டோருடையது. வெட்டிய சரிவில் பெண்கள் மூங்கிலும் காட்டுவாழையும் நட்டார்கள். வீட்டுக்கு ஒருவராக முறைவைத்து ஊற்றுக்குக் காவல் இருந்தோம். தண்ணீர் மெல்ல மெல்லத் தெளிந்தது. தம்பி ஒருநாள் கிழங்குக்குக் கை நீட்டி வீறிட்டு அழுதான். அம்மாவும் கூடச் சேர்ந்து அழுதாள்.

அத்தைதான் அன்று பூசை முடிந்ததும் யார் முகத்தையும் பார்க்காமல் வீட்டுக்குப் போய்ப் படுத்துக்கொண்டாள். சாமி இறங்கிய அசதி என்றார்கள். அதன்பிறகு கோயிலில் அவள் முன்னால் வந்து நின்றதே கிடையாது. திருநீறு கொடுத்தால் வாங்கத் தயங்குவாள். தீபம் காட்டும்போது தூணுக்குப் பின்னால் தலையைக் குனிந்துகொண்டு, ஓயாமல் கன்னத்தில் போட்டுக்கொள்வாள். சாமி வந்தவர்கள் அப்படித்தான் கும்பிட வேண்டும் போலிருக்கிறது என்று, நானும் பக்கத்தில் நின்று சந்தோஷமாகக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன்.