செபஸ்தியார் குனிந்த இடம்

என் வீட்டுக்காரர் ராயப்பராஜுக்கு உடம்பெல்லாம் பலம். அதுதான் அவருக்கு வினை. திண்டுக்கல் வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்குகிற மனிதர். தோளில் எது பட்டாலும் எக்கித் தூக்கிவிடுவார். பஸ்ஸில் பக்கத்து ஆள் தூங்கிச் சாய்ந்தால்கூட, தோளாலேயே நிமிர்த்தி உட்கார வைப்பார்.

போன வருசம் செபஸ்தியார் திருவிழாவில் இந்தப் பழக்கம்தான் மானத்தை வாங்கியது. கல்யாணமான நாளிலிருந்து சப்பரத்தின் முன்கம்பு அவருடையது. சேர்ந்து சுமக்க வேண்டிய சப்பரத்தில், பாரம் கூடியதும் தன் பக்கத்தை மட்டும் எக்கிவிட்டார். சப்பரம் சாய்ந்து, செபஸ்தியாரின் மாலை நழுவி, மெழுகுவர்த்தியெல்லாம் பின்னால் தூக்கியவர்கள் தலையில் கொட்டியது. தூக்குகிறவர்களுக்குத் தலைவன் என் கூடப்பிறந்த அண்ணன் கிளெமென்ட். "அடுத்த வருசம் நீங்க வெடி போடுங்க மாப்ள. கம்பு வேணாம்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டான். அன்றைக்கு இவர் கறிச்சோற்றைத் தொடவே இல்லை. எனக்கு அண்ணன் மேலும் கோபம், இவர் மேலும் கோபம். யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பூனையைத் திட்டினேன்.

எங்கள் தெரு முக்கில் தோல் வியாபாரி பீர் முகமது பாய் வீடு. ஒருநாள் இவர் அங்கே மாடிக்கு வெங்காய மூட்டை ஏற்றப் போனார். பாயின் மகள் இஃப்பத், இன்னொரு பெண்ணின் கையோடு கையை ஒட்டவைத்து உருட்டிக்கொண்டிருந்தாள். விங் சுன் என்கிற சீனத்துச் சண்டைக் கலையாம். சென்னையில் படிக்கும்போது கற்றுக்கொண்டு வந்து, சாயங்காலத்தில் சொல்லித் தருகிறாள். இவர் சும்மா இருந்தாரா? சிரித்தார். தள்ளிப் பாருங்கள் என்றாள் அவள். இவர் தள்ள, அவள் லேசாகத் திரும்பிக்கொள்ள, இவர் போய்த் தான் ஏற்றிய மூட்டை மேலேயே விழுந்தார். எழுந்திருக்கும் முன்பே, இதைப் படித்தால் சப்பரம் சாயாமல் தூக்கலாமா என்று கேட்டாராம். அதெல்லாம் தெரியாது அண்ணே, நிற்கச் சொல்லித் தருவேன் என்றாளாம். அன்றிலிருந்து அந்தச் சின்னப் பெண் இவருக்கு மாஸ்டர்.

முதல் பாடம் நிற்பதுதான். கால் விரல்களை உள்ளே திருப்பி, முழங்காலை மடக்கி, நடுவில் ஓர் ஆட்டைப் பிடித்திருப்பதாக நினைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அடுப்படியில், பல் விளக்கும் இடத்தில், ரேஷன் கடை வரிசையில், எங்கே பார்த்தாலும் ஆட்டோடுதான் நின்றார். மானம் போகிறது, ஆட்டை விட்டுவிட்டு வாருங்கள் என்று ரேஷன் கடையில் வைத்தே சொன்னேன்.

நிற்க வந்துவிட்டது, கைதான் வரவில்லை. முன்கையோடு முன்கை ஒட்டி, அடுத்தவர் என்ன செய்யப் போகிறார் என்று தொடுகையிலேயே தெரிந்துகொள்ள வேண்டும். இஃப்பத் கையை மேலே வைத்தால் போதும், இவர் தூக்கிவிடுவார். தூக்கியதும் திறந்து கிடக்கும் நெஞ்சில் அவள் ஒரு தட்டுத் தட்டுவாள். கடைசியில் அவளே பொறுமை இழந்தாள்.

"அண்ணே, நான் மூட்டை இல்ல. தூக்காதீங்க. நான் எங்க போறேன்னு கவனிங்க."

பூசையில் கேட்ட பிரசங்கம் போல அதை வீட்டில் வந்து சொன்னார். பழக ஆள் வேண்டுமே, நான்தான் அகப்பட்டேன். சோறு வடித்துவிட்டு வந்து கையைக் கொடுப்பேன். ஆரம்பத்தில் சண்டைதான். மழைக்காலம் முடிவதற்குள் அந்த முரட்டுக் கை இலேசாகிவிட்டது. ஒருநாள் கை வைத்ததுமே, "என்னத்துக்குக் கோவம்?" என்றார். நான் அதுவரை வாயே திறந்திருக்கவில்லை. இத்தனை வருசம் வாயால் சொல்லி ஏறாதது கையால் ஏறியிருக்கிறது. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெங்காயத்தின் மேல் பழியைப் போட்டேன்.

தை மாதம் திருவிழா வந்தது. நானே அண்ணனிடம் போய்ச் சண்டை போட்டேன். தெரு முக்கு வரைக்கும் தூக்கட்டும், சாய்ந்தால் விலகிக்கொள்ள வேண்டும் என்றான். முன்கம்பில் ஒரு பக்கம் அவன், மறுபக்கம் இவர். நான் செபமாலையைப் பிடித்துக்கொண்டு, செபஸ்தியாரைப் பார்க்காமல் இவர் முழங்காலையே பார்த்து நடந்தேன்.

பீர் முகமது பாய் வீட்டு வாசலில் வருசா வருசம் தூக்குகிறவர்களுக்கு ரோஸ்மில்க் கொடுப்பார்கள். சரியாக அங்கே, எழும்பி நின்ற சாக்கடை மூடியில் அண்ணன் கால் பிசகி, அவன் பக்கம் கம்பு இறங்கியது. பழைய ஆளாக இருந்தால் எக்கியிருப்பார். செபஸ்தியார் தெருவில் கிடந்திருப்பார். இவர் முழங்கால் மடங்கியது. அண்ணன் தோள் எவ்வளவு இறங்கியதோ அவ்வளவே இவரும் இறங்கினார். அவன் காலை ஊன்றி எழ, கூடவே எழுந்தார். சப்பரம் பக்கவாட்டில் துளியும் சாயவில்லை. முன்பக்கம் மட்டும் தாழ்ந்து நிமிர்ந்தது.

பார்த்தவர்களுக்கு உள்ளே நடந்தது எப்படித் தெரியும்? பாய் வீட்டு வாசலில் செபஸ்தியார் குனிந்து வணக்கம் வைத்தார் என்று கூட்டம் கையைத் தட்டியது. எதிர்வீட்டுச் சிவனம்மாள் குலவையே போட்டாள். பீர் முகமது பாய் கண் கலங்கி, பதிலுக்குத் தானும் குனிந்தார். ரோஸ்மில்க் தட்டோடு நின்ற இஃப்பத் மட்டும் இவர் காலைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.

முக்கு தாண்டியது. யாரும் இவரை விலகச் சொல்லவில்லை. கோயில் வாசல் வரைக்கும் அவர்தான் சுமந்தார். எனக்குச் சந்தோசத்தில் எந்தச் செபம் எங்கே விட்டது என்றே தெரியவில்லை.

கால் வீக்கம் வடிந்ததும் அண்ணன் வீட்டுக்கு வந்தான்.

"வருசா வருசம் அந்த எடத்துல குனியணும்னு எல்லாரும் கேக்குறாங்க மாப்ள. முன்கம்பு உங்களுதுதான். எப்படிக் குனியறதுன்னு எனக்குத்தான் தெரியல."

இவர் அவனை அடுப்படிக்குக் கூட்டிப்போனார். கால் விரல்களை உள்ளே திருப்ப வைத்து, முழங்காலுக்கு நடுவில் ஓர் ஆட்டைக் கொடுத்தார். பிறகு தன் முன்கையை அவன் கை மேல் வைத்தார். அண்ணன் எக்கித் தூக்கினான்.

"மச்சான், நான் மூட்டை இல்ல" என்றார் என் வீட்டுக்காரர்.